அம்மாவின் பைல் எங்கே?

2019-இல் ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். குளியலறைக்குப் போன அம்மா வழுக்கி விழுந்து விட்டார். நெற்றி ஓரத்தில் நல்ல வீக்கம். மறைமலை நகர் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, அருகில் இருந்த ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். பணியில் இருந்த டாக்டரின் முதல் கேள்வியே இதுதான்: “ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா?”

எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், “காலையிலே ரெண்டு, ராத்திரி ஒண்ணு. அந்தச் சின்ன மாத்திரை இதயத்துக்குன்னு சொன்னாங்க” என்கிறார். அம்மா ஆறு மாதம் தாம்பரத்தில் அண்ணன் வீட்டிலும் ஆறு மாதம் எங்கள் வீட்டிலும் இருப்பார். வரும்போது துணிமணி வரும், மாத்திரை டப்பா வரும். பைல் வராது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக் கொள்வது அவர் வழக்கம். எனவே பெயரைப் படிக்கவும் வழியில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, அம்மா பைல் எங்கே?”

“இங்கேதான் இருக்கு, பீரோவுலே. என்னடா ஆச்சு?”

அவர் பைலைத் தேடி எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். டாக்டரே போனை வாங்கிக் கேட்டார். வார்பரின். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. இதைச் சாப்பிடுபவருக்குத் தலையில் லேசாக அடி பட்டாலும் உள்ளே மெதுவாக ரத்தம் கசியலாம். உடனே சி.டி. ஸ்கேன், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை, ஒரு நாள் கண்காணிப்பு என்று முடிவாயிற்று. நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணன் போனை எடுத்துப் பைலைக் கண்டுபிடிக்கும் வரை ஓடிய இருபது நிமிடத்தை நான் மறக்கவில்லை.

இன்டர்நெட்டில் டாக்டரிடம் டோக்கன் வாங்குவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். அதையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். என்னைக் கேட்டால் டோக்கன் இரண்டாவது வேலைதான். முதல் வேலை அந்தப் பைலைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வருவது.

லண்டனும் நம் ஊரும்

லண்டனில் இருக்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒவ்வொருவரும் தன் பகுதியில் உள்ள ஒரு பொது மருத்துவரிடம் பெயரைப் பதிந்து கொள்ள வேண்டும். சளி, சர்க்கரை, முட்டி வலி எதுவானாலும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். எல்லா விவரமும் அவருடைய கம்ப்யூட்டரில் சேர்ந்து கொண்டே வரும். 2018 இறுதியில் வந்த என்.எச்.எஸ். ஆப் மூலம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைத் திரும்ப எழுதித் தரும்படி வீட்டிலிருந்தே கேட்கலாம். தன் மருத்துவப் பதிவையும் பார்க்கலாம். வேறு ஊருக்குக் குடி போனால் பதிவு புதிய மருத்துவரிடம் போய்விடும்.

நம் ஊரில் அப்படியா? காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக். சர்க்கரைக்குக் கூடுவாஞ்சேரியில் ஒரு டாக்டர். கண்ணுக்குத் தாம்பரம். பெரிய பிரச்சினை என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது வேலூர். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் இணைக்கும் ஒரே பாலம், நோயாளியின் கையில் இருக்கும் பிளாஸ்டிக் கவர்தான். அது தொலைந்தால் எல்லாப் பரிசோதனையும் மறுபடி முதலிலிருந்து.

மருத்துவமனையில் கேட்டு வாங்கிக் கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம், அதற்கு விதியே இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் அந்த 3 ஆண்டுக்குப் பிறகு? நம்மிடம் இருப்பதுதான் மிச்சம். வெளிநோயாளி சீட்டு பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே நம் கையில்தான்.

முதலில் ஸ்கேன் செய்யுங்கள்

வயிற்றில் எடுக்கும் ஸ்கேன் இல்லை, கம்ப்யூட்டர் ஸ்கேன். தனியாக ஸ்கேனர் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் உள்ள கூகுள் டிரைவ் ஆப்பைத் திறந்தால் கேமரா படம் போட்ட ஸ்கேன் பட்டன் இருக்கும். ஐபோனில் நோட்ஸ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி உண்டு. இரண்டுமே காகிதத்தின் ஓரங்களைத் தாமாகவே கண்டுபிடித்து, கோணலை நேராக்கி, பி.டி.எப். பைலாகத் தரும். சும்மா போட்டோ எடுத்து வைப்பதை விட இது நல்லது. ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியின் ஐந்து பக்கமும் ஒரே பைலாக இருக்கும். போட்டோவாக எடுத்தால் மூன்றாம் பக்கம் மட்டும் கல்யாணப் படங்களுக்கு நடுவில் எங்கேயோ கிடக்கும்.

எதை முதலில் செய்வது? ஈ.சி.ஜி. தாளை. பல இடங்களில் ஈ.சி.ஜி. வெப்பத்தால் எழுத்து விழும் தெர்மல் தாளில்தான் வருகிறது. ஏ.டி.எம். ரசீது போல இதுவும் நாளாக ஆக வெளுத்துவிடும். பிளாஸ்டிக் கவரில் வெயில் படும் இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். சில ஆண்டுகள் கழித்துப் பழைய ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட வேண்டும் என்று இதய டாக்டர் கேட்கும்போது வெற்றுத் தாளை நீட்டும்படி ஆகிவிடும். அடுத்து டிஸ்சார்ஜ் சம்மரிகள். அதற்கடுத்து கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டு. பத்து வருடத்துக்கு முந்தைய காய்ச்சல் சீட்டையெல்லாம் விட்டுவிடலாம்.

எக்ஸ்ரே பிலிமை எப்படி ஸ்கேன் செய்வது? கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து ஒரு வெற்றுப் பக்கத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்குங்கள். மானிட்டரின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, பிலிமைத் திரைக்குச் சற்று முன்னால் பிடித்து போனில் படம் எடுங்கள். பிலிமைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் மானிட்டரின் புள்ளிகள் வலை வலையாகப் படத்தில் விழும். இந்தப் படம் நம் நினைவுக்காக மட்டுமே. இதை வைத்து டாக்டர் முடிவு சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அதற்கு உண்மையான பிலிம் அல்லது சி.டி. வேண்டும்.

சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் சி.டி. கொடுத்தால் மறக்காமல் வாங்குங்கள். (இது வட்ட சி.டி. மருத்துவத்தில் எதற்கெடுத்தாலும் சி.டி.தான்.) அதில் இருக்கும் படங்கள் டைகாம் என்ற வகையைச் சேர்ந்தவை. சாதாரணப் படம் பார்க்கும் சாப்ட்வேரில் திறக்காது. பல சி.டி.களில் பார்ப்பதற்கான சாப்ட்வேரும் கூடவே இருக்கும். இல்லையென்றால் மைக்ரோடைகாம் என்ற சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யலாம். சொந்த உபயோகத்துக்கு இலவசம். இப்போதைய லேப்டாப்களில் சி.டி. டிரைவே கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் வைத்திருக்கும் நண்பரைப் பிடித்து, சி.டி.யில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே ஒரு போல்டரில் காப்பி செய்யுங்கள். படங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் சாப்ட்வேர் திணறும்.

இனி பைலின் பெயர். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ‘ஸ்கேன் 001’, ‘ஸ்கேன் 002’ என்று 80 பைல் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எதைத் திறப்பீர்கள்? பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் போடுங்கள். 2024-03-15, பிறகு யாருக்கு, பிறகு என்ன. இப்படிப் போட்டால் கம்ப்யூட்டர் பெயர் வரிசையில் அடுக்கும்போதே கால வரிசையும் வந்துவிடும். தேதியை முதலில் போட்டால் எல்லா வருடத்து 15-ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். விண்டோஸில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் சில வெப்சைட்டுகள் அப்லோட் செய்யும்போது தமிழ்ப் பெயரை ஏற்பதில்லை. எனவே பைலின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

லேப்களிலிருந்து எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் லிங்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த லிங்க் என்றைக்கும் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். வந்த அன்றே டவுன்லோட் செய்து போல்டரில் போட்டுவிடுங்கள்.

ஒரு பக்கத் தாள்

80 பைலும் சரியாக அடுக்கி வைத்தாகிவிட்டது. அவசரத்தில் டாக்டர் அதையெல்லாம் படிப்பாரா? மாட்டார். அவருக்கு வேண்டியது ஒரு பக்கம். வேர்டிலோ எக்ஸெல்லிலோ நீங்களே தயாரியுங்கள். மேலே பெயர், வயது, ரத்த வகை. அடுத்து என்னென்ன நோய், எந்த ஆண்டு முதல். ஆபரேஷன் நடந்திருந்தால் அது. ஒத்துக் கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் சிவப்பில், பெரிய எழுத்தில். பிறகு இப்போது சாப்பிடும் மாத்திரைகள்: கம்பெனிப் பெயர், அதன் கீழ் மருந்தின் உண்மையான பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் ஒரே மருந்தை எழுதி, இரண்டையும் சாப்பிடுபவர்கள் உண்டு. மருந்தின் உண்மையான பெயர் அட்டையிலேயே அச்சாகியிருக்கும்.

கடைசியில் தாளைத் திருத்திய தேதி. இது இல்லாவிட்டால் அந்தத் தாளையே டாக்டர் நம்ப மாட்டார்.

அபா எண் எதற்கு?

இப்போது அரசின் வசதிக்கு வருவோம். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கியது. புதுச்சேரியும் அதில் ஒன்று. 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதும் வந்தது. இதில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் ஒன்று தருகிறார்கள். அதுதான் அபா எண்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடலாம். அபா கார்டு இன்சூரன்ஸ் கார்டு இல்லை. இதைக் காட்டினால் பணம் கட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, இது வேறு. அது செலவுக்கு, இது பதிவுக்கு. இது கட்டாயமும் இல்லை, இலவசம்தான்.

எப்படி வாங்குவது? பிரவுசரில் அபா டாட் ஏபிடிஎம் டாட் கவ் டாட் இன் என்ற முகவரிக்குப் போங்கள். ‘கிரியேட் அபா நம்பர்’ பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஆதார் மூலமா, டிரைவிங் லைசென்ஸ் மூலமா என்று கேட்கும். ஆதாரைத் தேர்ந்தெடுத்தால் உடனே முடிந்துவிடும். எண்ணைக் கொடுத்து, சம்மதத்தை டிக் செய்தால், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். வயதானவர்களுக்குச் சிக்கலே இங்கேதான். என்றோ கைவிட்ட சிம் கார்டின் எண்தான் ஆதாரில் இருக்கும். அப்படியானால் முதலில் ஆதாரில் மொபைல் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள். ஓ.டி.பி. சரியாக இருந்தால் அபா எண் வந்துவிடும். கூடவே ஈமெயில் முகவரி போல ஓர் அபா முகவரியையும் உருவாக்கிக் கொள்ளலாம். கார்டை டவுன்லோட் செய்து வையுங்கள்.

இதனால் என்ன பயன்? கண்ணுக்கு உடனே தெரிவது வரிசை குறைவது. இந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு தரும் இடத்தில் கியூ.ஆர். குறியீடு ஒட்டியிருப்பார்கள். போனில் அபா ஆப்பைத் திறந்து அதை ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் கவுண்டர் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். உங்களுக்கு டோக்கன் எண் வரும். முதன்முதலில் 2022 அக்டோபரில் டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிய வசதி இது.

இரண்டாவது பயன்தான் நமக்கு முக்கியம். அங்கே எடுத்த பரிசோதனை முடிவு, எழுதிய சீட்டு எல்லாம் உங்கள் அபாவோடு இணைந்தால், அதை ஆப்பில் பார்க்கலாம். இன்னொரு டாக்டர் பார்க்க விரும்பினால் உங்களிடம் அனுமதி கேட்டு ஆப்பில் செய்தி வரும். எதைக் காட்டுவது, எந்தத் தேதி வரை காட்டுவது என்று நீங்கள் சொல்லலாம். கொடுத்த அனுமதியைத் திரும்பவும் வாங்கிக் கொள்ளலாம். எல்லோருடைய பதிவும் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் கொட்டிக் கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். பதிவு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நீங்கள் அனுமதித்தால் அங்கிருந்து எடுத்துக் காட்டும்.

இங்கே என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அபா எண் வாங்கி, ஆவலோடு ஆப்பைத் திறந்தேன். காலி! பழைய பதிவு ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது. திட்டத்தில் சேராத கிளினிக்கிலிருந்து எதுவும் வராது. சேர்ந்த மருத்துவமனையிலும், அங்கே நீங்கள் கொடுத்திருக்கும் மொபைல் எண்ணும் பெயரும் பொருந்தினால்தான் ‘இது உங்கள் பதிவா?’ என்று கேட்கும். அம்மாவின் பதிவு ஓர் இடத்தில் அண்ணன் எண்ணில், இன்னோர் இடத்தில் என் எண்ணில் இருந்தது. பெயரோ கேட்கவே வேண்டாம். இனிஷியல் ஒரு சீட்டில் முன்னால், ஒரு சீட்டில் பின்னால், ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக. தமிழர்களின் இனிஷியலைக் கண்டால் எந்தக் கம்ப்யூட்டரும் தடுமாறும். இனிமேல் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஒரே மொபைல் எண், ஆதாரில் உள்ளபடி பெயர் என்று முடிவு செய்துவிட்டோம். நாமே ஸ்கேன் செய்த பைல்களையும் ஆப்பில் சேர்க்கலாம். ஆக, மேலே சொன்ன ஸ்கேன் வேலை வீண் போகவில்லை.

டோக்கன்

மத்திய அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்கு ஓ.ஆர்.எஸ். என்ற பொதுவான வெப்சைட் இருக்கிறது. 2015 ஜூலை 1 அன்று தொடங்கியது. முகவரி ஓ.ஆர்.எஸ். டாட் கவ் டாட் இன். நம் பகுதியிலிருந்து பலர் போகும் புதுச்சேரி ஜிப்மர் இதில் இருக்கிறது. மருத்துவமனை, பிரிவு, தேதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தால் சந்திப்பு உறுதியாகும். செய்தியை அழித்துவிடாதீர்கள். பிரின்ட் எடுத்துக் கொண்டு போனால் இன்னும் நல்லது. பரிசோதனை முடிவு பார்க்கும் வசதியும் இதே வெப்சைட்டில் உண்டு. காலி இடம் இல்லை என்று வந்தால் வேறு தேதியைப் பாருங்கள். சில பிரிவுகளில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

வேலூர் சி.எம்.சி.க்குத் தனி வெப்சைட். முதல் முறை போகிறவரும் அதில் பதியலாம். ஏற்கெனவே போனவர் தன் மருத்துவமனை எண்ணைக் கொடுத்தால் போதும். ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு வகைச் சந்திப்பு இருக்கும். கட்டணத்தைக் கார்டில் கட்டி சீட்டை பிரின்ட் எடுக்கலாம். சந்திப்பு இல்லாமல் விடியற்காலையில் கார் வைத்துக் கொண்டு போய், “அடுத்த வாரம்தான் இடம்” என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்தான் தவறு நேரும். முதுகு வலிக்கு எலும்பா, நரம்பா? தெரியாவிட்டால் உள்ளூர் டாக்டரைக் கேட்டுக் கொண்டு பதியுங்கள்.

தெருமுனை டாக்டருக்கு வெப்சைட் இருக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பவுண்டர் போனை எடுத்தால் உண்டு. அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

இ-சஞ்சீவனி

வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசுவது புதிதல்ல. சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் அப்போலோவின் டெலிமெடிசின் மையம் 2000-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. ஆனால் வீட்டுக்கு வீடு வந்தது ஊரடங்கில்தான். 2020 மார்ச் 25 அன்று டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. ஏப்ரல் 13 அன்று இ-சஞ்சீவனி ஓ.பி.டி. தொடங்கியது. மொகாலியில் உள்ள சி-டாக் உருவாக்கிய இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. கட்டணம் இல்லை.

இ-சஞ்சீவனி வெப்சைட்டிலோ ஆப்பிலோ மொபைல் எண், ஓ.டி.பி. கொடுத்து உள்ளே போனால், உங்கள் தொந்தரவு என்ன என்று கேட்கும். பழைய பரிசோதனை முடிவுகளை அப்லோட் செய்யச் சொல்லும். (அந்த ஒரு பக்கத் தாளை இங்கே போடுங்கள்.) வரிசையில் காத்திருந்து உங்கள் முறை வந்ததும் வீடியோவில் டாக்டர் வருவார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு பி.டி.எப். ஆக வரும்.

உட்காரும் முன் சில ஏற்பாடுகள். வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் அளவைக் குறித்துக் கொள்ளுங்கள். காய்ச்சல், எடை, சர்க்கரை அளவும் அப்படியே. டாக்டர் கையைப் பிடித்துப் பார்க்க முடியாதே, அதை நாம்தான் ஈடுகட்ட வேண்டும். தோலில் தடிப்பு என்றால் பகல் வெளிச்சத்தில் முன்பே படம் எடுத்து வையுங்கள். ராத்திரி டியூப்லைட்டில் எல்லாத் தோலும் ஒரே நிறம்தான்.

நெறிமுறைகளில் நாம் தெரிந்து கொள்ள வேண்டியவை சில. டாக்டர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் தெரிவிக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைப் பொதுவாக இப்படி எழுதித் தரக் கூடாது. எனவே, சில தூக்க மாத்திரைகளை மறுத்தால் டாக்டரைக் கோபிக்காதீர்கள். நேரில் பார்த்து 6 மாதத்துக்குள் அதே தொந்தரவுக்காகப் பேசினால் அது தொடர் ஆலோசனை. அப்போது அவர் கொஞ்சம் கூடுதலாக எழுத முடியும். வாட்ஸ்அப்பில் கேட்பதும் இந்த நெறிமுறைகளுக்கு உட்பட்டதுதான். ஆனால் இரண்டு நீல டிக் வந்துவிட்டதால் டாக்டர் பார்த்து யோசித்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் இழுத்துக் கொள்வது, வாய் கோணுவது, தலையில் அடி. இவற்றுக்கு வீடியோவும் வேண்டாம், வெப்சைட்டும் வேண்டாம். 108.

பூட்டிய போனிலும் தெரியட்டும்

வீட்டில் யாரும் இல்லாதபோது, அல்லது மறைமலை நகரில் ஏறி பொத்தேரி தாண்டும்போது எலெக்ட்ரிக் ட்ரெயினில் மயங்கி விழுந்தால்? போன் பூட்டியிருக்கும். இதற்கும் வழி இருக்கிறது. ஐபோனில் ஹெல்த் ஆப்பைத் திறந்து ‘மெடிக்கல் ஐடி’ பகுதியில் விவரங்களை நிரப்பி, பூட்டியிருக்கும்போதும் காட்டு என்பதை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் ‘சேப்டி அண்ட் எமர்ஜென்சி’ பகுதியைத் தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். பிறகு, பூட்டிய திரையில் ‘எமர்ஜென்சி’ என்பதைத் தொட்டால் மருந்து, ஒவ்வாமை, யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் தெரியும். நிரப்பிய பிறகு போனைப் பூட்டி, மனைவியிடமோ பிள்ளையிடமோ கொடுத்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் முறை யாருக்கும் எடுக்கத் தெரியவில்லை.

யாரிடம் கொடுக்கிறோம்?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை ரேன்சம்வேர் தாக்கியது. நாட்டின் பெரிய மருத்துவமனை, பல நாட்கள் பேனாவும் காகிதமுமாக வேலை பார்த்தது. இதற்காக இன்டர்நெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேன் செய்த கையோடு காகிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். வெளியார் பார்க்கக் கூடாத பைலை 7-ஜிப் சாப்ட்வேரில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு மணிக்குப் பூட்டுதான் இருக்கும், சாவி இருக்காது.

இன்னொரு திருட்டு இப்போது பரவலாக நடக்கிறது. மருத்துவமனையின் போன் எண்ணைக் கூகுளில் தேடுகிறோம். மோசடிக்காரன் போட்டு வைத்த எண் கிடைக்கிறது. “டோக்கனுக்குப் பத்து ரூபாய் கட்டுங்க சார், லிங்க் அனுப்புறேன்” என்பான். அல்லது ஓர் ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்வான். திரையில் நீங்கள் அடிப்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பத்து ரூபாய்க்குப் பதில் கணக்கே காலியாகும். மருத்துவமனையின் எண்ணைப் பழைய ரசீதிலிருந்தோ அதன் சொந்த வெப்சைட்டிலிருந்தோ எடுங்கள். அரசு வெப்சைட் என்றால் முகவரி ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடிகிறதா, அதாவது புள்ளி, ஆங்கில ஜி, ஓ, வி, மறுபடி புள்ளி, ஐ, என் என்று இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. பைலைத் தொடவே வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

எங்கள் வீட்டு ஏற்பாடு இப்போது இதுதான். அம்மாவின் போல்டர் கூகுள் டிரைவில் இருக்கிறது. அண்ணனும் நானும் இருவரும் திறக்கலாம். ஐ.என்.ஆர். பார்த்த அன்று யாரிடம் அம்மா இருக்கிறாரோ அவர் முடிவைப் போட வேண்டும். மற்றவர் பார்த்துவிட்டு ஒரு வரி அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஒரு பக்கத் தாளை மட்டும் நான்காக மடித்து, சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போன மாதம் மாத்திரை அளவை டாக்டர் மாற்றியதால் அதில் பேனாவால் திருத்தியிருக்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக பிரின்ட் எடுக்க வேண்டும்.